வானிலை இயந்திரத்தின் பாடநூல்

கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வானிலைக் கணிப்பில் நிகழ்ந்திருக்கும் மாற்றத்தைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். 2022இல் என்விடியா நிறுவனம் ஃபோர்காஸ்ட்நெட் என்ற கணிப்பு இயந்திரத்தை வெளியிட்டது. 2023 ஜூலையில் ஹுவாவேயின் பாங்கு வெதர் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. உலகின் மிகச் சிறந்த கணிப்பைத் தருவதாக நெடுங்காலம் மதிக்கப்பட்டுவரும் ஐரோப்பிய நடுத்தர நாள் வானிலைக் கணிப்பு மையத்தின் மாதிரியோடு ஒப்பிட்டபோது, சோதித்த 1,380 அளவுகளில் 90 சதவீதத்தில் கிராஃப்காஸ்ட் முந்தியது. பத்து நாள் கணிப்பைத் தர அது எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஐரோப்பிய மையமும் சும்மா இருக்கவில்லை. தானே ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கி, 2025 பிப்ரவரி 25 முதல் அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. இவற்றைக் கண்டு ஒரு பேச்சு பரவியிருக்கிறது: வளிமண்டல இயற்பியலின் காலம் முடிந்தது, சமன்பாடுகளும் அவற்றைத் தீர்க்கும் மாபெரும் கணினிகளும் இனித் தேவையில்லை, பழைய தரவைப் படித்த இயந்திரம் போதும் என்று. இந்த முடிவு பிழையானது என்பது என் கருத்து. இயந்திரங்களின் வெற்றி உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த வெற்றிக்கு அடியில் கிடப்பது நோக்கீடு. மனிதர்களும் கருவிகளும் நாள்தோறும் அளந்து குறித்துவைத்த வானிலை. எங்கே அந்த அளவீடு அடர்த்தியாக இருந்ததோ அங்கே இயந்திரம் வெல்கிறது. எங்கே மெலிந்திருந்ததோ அங்கே அதுவும் தடுமாறுகிறது. வங்கக்கடலும் நம் கரையோர மழையும் மெலிந்த பக்கத்தில் இருப்பதால் இது நமக்கு வெறும் தத்துவ விவாதமாகாது.

பழைய முறை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதன் முதல் தோல்வியே இந்த வாதத்துக்குச் சான்று. வானிலைக் கணிப்பு என்பது இயற்பியல் கணக்கு, இன்றைய வளிமண்டல நிலையைச் சரியாக அறிந்தால் சமன்பாடுகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாம் என்று நார்வே அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1904இல் எழுதினார். அதைக் கையால் செய்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, 1910 மே 20ஆம் நாள் ஐரோப்பாவில் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்று கணக்கிட்டார். வந்த விடை 145 மில்லிபார். அன்று அங்கே அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 1922இல் வெளியிட்ட தன் நூலில் இந்தத் தோல்வியை ரிச்சர்ட்சன் மறைக்காமல் அச்சிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, அயர்லாந்து வானிலையாளர் பீட்டர் லின்ச் அதே கணக்கை மறுபடி செய்து, சமன்பாடுகளில் குற்றமில்லை என்று காட்டினார். தொடக்க நிலைக்கு எடுத்துக்கொண்ட காற்று, அழுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்தன. அவற்றைச் சமன்செய்து கொடுத்தபோது, அதே சமன்பாடுகள் நம்பத்தக்க விடையைத் தந்தன. எண்முறைக் கணிப்பின் வரலாறு தொடங்கும்போதே சிக்கல் தொடக்க நிலையில்தான் இருந்தது. 1950இல் சார்னியும் ஃபான் நாய்மனும் அவர்களுடைய குழுவினரும் எனியாக் கணினியில் முதல் கணினிவழிக் கணிப்பைச் செய்தார்கள். அடுத்த 24 மணி நேரத்தைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. அதன் பிறகு வந்த முன்னேற்றம் ஆரவாரம் இல்லாதது; ஒரு பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் நம்பகமான கணிப்பின் எல்லை விரிந்து வந்திருக்கிறது. அதாவது இன்றைய ஆறாம் நாள் கணிப்பு, பத்தாண்டுக்கு முந்தைய ஐந்தாம் நாள் கணிப்பின் தரத்தில் இருக்கும். இதற்குக் காரணம் கணினி வேகம் மட்டுமன்று. செயற்கைக்கோள்கள் தரும் கதிர்வீச்சு அளவுகளை மாதிரியோடு இணைத்துத் தொடக்க நிலையைச் செப்பனிடும் கலை வளர்ந்ததும் சம அளவு காரணம்.

கடந்தகாலத்தைப் பார்த்து எதிர்காலத்தைச் சொல்வது புதிய எண்ணம் என்றும் நினைக்க வேண்டாம். இன்றைய வானிலை வரைபடத்தைப் போன்ற பழைய வரைபடத்தைத் தேடிப்பிடித்து, அதற்கு மறுநாள் என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்வது கணினிக்கு முந்தைய கணிப்பாளர்களின் வழக்கம். இதன் எல்லையை எட்வர்ட் லோரன்ஸ் 1969இல் சோதித்துப் பார்த்தார். உண்மையான இரட்டை நாள்கள் கிடைக்கவில்லை. 1994இல் ஹூக் வான் டென் டூல் கணக்கிட்டபடி, வட அரைக்கோளம் முழுவதற்கும் நல்ல ஒத்த நாள் ஒன்று கிடைக்க, ஒன்றுக்குப் பின் முப்பது சுழியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையிலான ஆண்டுகளின் பதிவு வேண்டும். அண்டத்தின் வயதே அதற்குக் கால்தூசு பெறாது. ஆகவே வெறும் நாற்பது ஆண்டுத் தரவைப் படித்த கிராஃப்காஸ்ட் பழைய நாள்களைத் தேடி ஒட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. அது ஒவ்வொரு இடத்திலும் அக்கம்பக்கத்துக் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவை ஆறு மணி நேரத்தில் எப்படி மாறுகின்றன என்ற உறவைக் கற்கிறது. அந்தச் சிறு உறவுகளைக் கோத்து முழு உலகின் பத்து நாளையும் கட்டுகிறது. 1979 முதல் 2017 வரையான தரவில் படித்துவிட்டு, கண்ணில் படாத அடுத்த ஆண்டுகளைச் சரியாகக் கணித்தது. 2023 செப்டம்பரில் லீ சூறாவளி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறும் என்பதை ஒன்பது நாள் முன்பே சொன்னது. வழக்கமான கணிப்புகள் அங்கே நிலைகொண்டது ஆறு நாள் முன்பு. இது அதை உருவாக்கியவர்களே சொன்ன கணக்குதான், ஆனாலும் மறுக்க ஆளில்லை. மனப்பாடம் என்று ஒதுக்கிவிட முடியாத ஏதோ ஒன்றை அது கற்றிருக்கிறது.

எதிலிருந்து கற்றது என்பதுதான் அடுத்த கேள்வி. கிராஃப்காஸ்ட், பாங்கு, ஐரோப்பிய மையத்தின் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஆகிய மூன்றும் படித்த பாடநூல் ஒன்றே. அதன் பெயர் ஈஆர்ஏ5. 1940 முதல் இன்று வரை, மணிக்கு ஒரு முறை, உலகம் முழுவதையும் 31 கிலோமீட்டர் கட்டங்களாகவும் தரையிலிருந்து வானுயரம் வரை 137 அடுக்குகளாகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன காற்று, என்ன வெப்பம், என்ன ஈரம் இருந்தது என்று சொல்லும் மீள்பகுப்பாய்வு அது. இதை யாரும் அப்படியே அளந்து எழுதியிருக்க முடியாது. பசிபிக்கின் நடுவே பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் 1983இல் ஒரு வியாழக்கிழமை நள்ளிரவில் வீசிய காற்றை எந்தக் கருவியும் குறித்து வைக்கவில்லை. கிடைத்த அளவீடுகளைக் கொண்டு, கிடைக்காத இடங்களை இயற்பியல் மாதிரி நிரப்புகிறது. பலூன் சொன்னதும் செயற்கைக்கோள் சொன்னதும் கப்பல் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண்படாமல், சமன்பாடுகளுக்கும் முரண்படாமல் இருக்கும்படி திருத்தித் திருத்திக் கட்டப்பட்ட ஒரு வளிமண்டலம் அது. ரிச்சர்ட்சனுக்கு வாய்க்காத சமன்செய்த தொடக்க நிலை, இங்கே மணிக்கு மணி, எண்பத்தைந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. இன்றும் கிராஃப்காஸ்ட் கணிக்கத் தொடங்குவதற்கு முன் இன்றைய நிலையைப் பழைய முறை மாதிரியிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. ஆக ‘இயற்பியலைத் தோற்கடித்த இயந்திரம்’ என்ற சொல் மாணவன் ஆசிரியரைத் தோற்கடித்தான் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. அந்த மாணவன் நாளைக் காலையும் அதே ஆசிரியரின் குறிப்பேட்டைத்தான் வாங்கிப் படிக்கப் போகிறான்.

பாடநூல் எங்கே மங்கலோ அங்கே மாணவனும் மங்கல் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். 2023 நவம்பர் தொடக்கத்தில் கியாரன் என்ற புயல் பிரான்சையும் தென் இங்கிலாந்தையும் தாக்கியது. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை அந்தப் புயலில் வைத்துச் சோதித்தார்கள். புயலின் பாதையும் பெருவடிவமும் சரியாகவே வந்தன. ஆனால் சேதத்தைத் தீர்மானிக்கும் உச்சக் காற்று வேகத்தை எல்லாம் குறைத்தே சொல்லின. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 31 கிலோமீட்டர் கட்டத்தில் ஒரு புயலின் உச்சக் காற்று வீசும் குறுகிய பகுதி பிடிபடாது. அங்கே பாடநூலே உச்சத்தை மழுக்கித்தான் வைத்திருக்கிறது. இரண்டாவது காரணம் பயிற்சி முறையில் இருக்கிறது. பிழையின் சராசரி குறையும்படி பயிற்றுவிக்கப்பட்ட இயந்திரம், புயல் இங்கேயா அங்கேயா என்று ஐயப்படும்போது இரண்டு இடத்திலும் பாதி வலுவுள்ள புயலை வரைந்துவிடுகிறது. மதிப்பெண் அதற்குக் கூடும். கடலோரத்தில் இருப்பவருக்குப் பயன் குறையும். ஒரே விடையை விட்டுவிட்டுப் பல சாத்தியங்களைத் தனித்தனியே வரைந்து காட்டும் ஜென்காஸ்ட் போன்ற மாதிரிகள் 2024 டிசம்பரில் வந்த பிறகு இந்த இரண்டாம் குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. முதல் குறை நீங்கவில்லை.

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று எழும். 2025 அட்லாண்டிக் சூறாவளிப் பருவத்தில் டீப்மைண்டின் புதிய மாதிரி பாதையில் மட்டுமின்றி வலுவைக் கணிப்பதிலும் சிறப்பாகச் செயல்பட்டதே. அப்படியானால் வலுவைக் குறைத்துச் சொல்கிறது என்ற குற்றச்சாட்டு பழங்கதை ஆகவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை அந்த மாதிரி எதைப் படித்தது என்பதில் இருக்கிறது. ஈஆர்ஏ5 மட்டும் போதாது என்று கண்டு, கடந்த 45 ஆண்டுகளில் உலகில் தோன்றிய ஏறத்தாழ 5,000 புயல்களின் பாதை, வலு, அளவு ஆகியவற்றைத் தொகுத்த தனிப் பதிவேட்டையும் அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். அந்தப் பதிவேட்டின் அட்லாண்டிக் பக்கங்களில் பல, புயலின் கண்ணுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிச் சென்று கருவிகளைக் கீழே போட்டு அளந்த எண்கள். மறுப்பாக வந்த சான்று என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: அளவீடு சேர்ந்ததும் குறை குறைந்தது. வங்கக்கடல் புயல்களுக்கு அப்படி வழக்கமாகப் பறந்து அளக்கும் விமானம் இல்லை. நம் புயல்களின் வலு பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் உருவத்தைப் பார்த்து மதிப்பிடப்படுவது. திறமையான மதிப்பீடு, ஆனால் மதிப்பீடு. அதைப் படிக்கும் இயந்திரம் அதைவிடக் கூர்மையாக இருக்க வழியில்லை.

இதுவரை நிகழாத ஒன்று நிகழும்போது என்ன ஆகும் என்பது இந்தத் துறையில் இன்று நடக்கும் மிகச் சுவையான ஆராய்ச்சி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெட்ரம் ஹசன்சாதே, கியாங் சுன் ஆகியோரும் உடன் பணிபுரிந்தோரும் 2025இல் வெளியிட்ட சோதனை எளிமையானது, அதனாலேயே அழகானது. ஃபோர்காஸ்ட்நெட்டின் பயிற்சித் தரவிலிருந்து மூன்று முதல் ஐந்தாம் வகை வரையான கடும் சூறாவளிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு அதைப் புதிதாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு ஐந்தாம் வகைச் சூறாவளி உருவாவதற்கு முந்தைய நிலையைக் கொடுத்துக் கணிக்கச் சொன்னார்கள். ஏதோ வருகிறது என்று அதற்குத் தெரிந்தது. ஆனால் இரண்டாம் வகைக்கு மேல் அது போகவே இல்லை. இப்படிக் குறைத்துச் சொல்லும் பிழைதான் உயிர்களை வாங்கும். சோதனையின் அடுத்த பகுதி இன்னும் முக்கியமானது. அட்லாண்டிக்கின் கடும் சூறாவளிகளை மட்டும் நீக்கி, பசிபிக்கில் நடந்தவற்றை விட்டுவைத்தபோது, அது அட்லாண்டிக் சூறாவளியின் வலுவை ஓரளவு சரியாகச் சொன்னது. ஓரிடத்தில் கண்டதை இன்னோரிடத்துக்குப் பொருத்த அதற்குத் தெரிந்திருக்கிறது. இதே குழு 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அமீரகத்தில் பெய்த வரலாறு காணாத மழையையும் ஆராய்ந்தது. 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவான அந்த மழைக்கு ஈடான ஒன்று அப்பகுதிக்கான பயிற்சிக் காலத்தில் இல்லை; இருந்தும் கிராஃப்காஸ்ட் எட்டு நாள் முன்பே அதன் அறிகுறியைத் தந்தது. வேறு நிலங்களில் ஒத்த இயக்கத்தால் பெய்த பெருமழைகளிலிருந்து அது கற்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், ‘காணாததைக் கணிக்க முடியாது’ என்ற பொதுப்பேச்சு பாதிதான் உண்மை என்று தெரியும். அமீரகம் காணாததை உலகத்தின் வேறோரிடம் கண்டிருந்தால் போதும். உலகமே காணாத ஒன்று என்றால் இயந்திரம் கைவிடும். வெப்பம் ஏறிவரும் உலகில் அப்படிப்பட்டவை பெருகும் என்பதால், சமன்பாடுகளில் நின்று கணக்கிடும் மாதிரியை ஓய்வுக்கு அனுப்புவது அறிவுடைமை ஆகாது. சமன்பாட்டு மாதிரிகளும் தவறுகின்றன என்று பதில் சொல்லப்படும். உண்மைதான். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ், ஏறத்தாழ ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியாக வலுத்தது; பழைய மாதிரி, புதிய மாதிரி என்ற வேற்றுமை இல்லாமல் எல்லோரும் கோட்டைவிட்டார்கள். ஆனால் பிழைகளின் தன்மை வேறு. சமன்பாட்டு மாதிரி தவறும்போது, நுண்கட்டங்களோ கடல்வெப்பமோ மேகத்தின் உள்வினையோ எது போதவில்லை என்று தேடிப் போகலாம். கற்ற இயந்திரம் தவறும்போது அந்தத் தேடலுக்குப் பிடி குறைவு. இன்னொரு வேற்றுமையும் உண்டு. தொடக்க நிலையில் ஏற்படும் மிக நுண்ணிய பிழை வேகமாகப் பெருகும் என்பது லோரன்ஸ் காலத்திலிருந்து நாம் அறிந்தது. ஜெர்மனியின் செல்ஸும் கிரெய்கும் 2023இல் காட்டியபடி, பாங்கு மாதிரியில் மிகச் சிறிய பிழைகள் அப்படிப் பெருகுவதில்லை. அன்றாடக் கணிப்புக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் அதைக் கொண்டு வளிமண்டலத்தின் கணிக்கத்தக்க எல்லை இதுதான் என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை.

இனி மழைக்கு வருகிறேன். காற்றும் அழுத்தமும் வானிலையாளருக்கு. ஊருக்கு வேண்டியது மழை. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில், பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69. புயல் இல்லை, தாழ்வு மண்டலம் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி செய்த வேலை. எச்சரிக்கை எப்போது வந்தது, எந்த நிறத்தில் வந்தது என்ற சண்டை அப்போதே அரசியலாகிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். இந்த மழையை நான் எடுத்தது அளவைப் பற்றிய ஒரு சிக்கலுக்காக. கிராஃப்காஸ்ட் பார்க்கும் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் பக்கமுள்ளது. கிட்டத்தட்ட 800 சதுர கிலோமீட்டருக்கு ஒரே எண். காயல்பட்டினமும் திருச்செந்தூரும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் அதற்குள் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பாடநூலில் இருக்கிறது. ஈஆர்ஏ5 தரும் மழை பெரும்பாலும் மழைமானியில் விழுந்த மழையே இல்லை. காற்றும் ஈரமும் அளவீடுகளால் திருத்தப்படுகின்றன. மழையோ, அந்த நிலையிலிருந்து மாதிரி தானே குறுங்காலக் கணிப்பாகப் பொழிந்துகொள்வது. அமெரிக்காவில் மட்டும் 2009க்குப் பின் ரேடாரும் மழைமானியும் சேர்ந்த தரவு அதில் உள்ளே போகிறது. காயல்பட்டினத்தில் அளந்த மழை அதில் இடம்பெறவில்லை. ஆகவே மழையைக் கற்ற இயந்திரம், ஒரு மாதிரி கற்பனை செய்த மழையைக் கற்கிறது. கிராஃப்காஸ்ட் ஆய்வாளர்களே இதை அறிந்து, மழைக் கணிப்பைத் தங்கள் முதன்மை முடிவுகளில் சேர்க்காமல் எச்சரிக்கையாக ஒதுக்கிவைத்தார்கள். பத்திரிகைத் தலைப்புகளில் இந்த எச்சரிக்கை எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மழைக்கு உண்மையான அளவீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது சான்று இருக்கிறது. வளிமண்டலத்தின் பெரிய இயக்கத்தைச் சமன்பாடுகளாலும், கட்டத்தில் பிடிபடாத மேகம் போன்ற நுண்வினைகளைக் கற்றல் முறையாலும் செய்யும் நியூரல்ஜிசிஎம் என்ற கலப்பு மாதிரியை கூகுள் ஆய்வாளர்கள் 2024 ஜூலையில் வெளியிட்டார்கள். பிறகு அதே மாதிரியைச் செயற்கைக்கோள் அளந்த மழையைக் கொண்டு பயிற்றுவித்தபோது மழைக் கணிப்பு தெளிவாகத் திருந்தியது. 2025இல் இந்திய வேளாண் அமைச்சகம், பருவமழை தம் பகுதிக்கு எப்போது வந்துசேரும் என்ற கணிப்பை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி உழவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. நான்கு வாரம் வரை முன்கூட்டிச் சொன்ன கணிப்பு அது. அந்த ஆண்டு கேரளத்தில் மே 24 அன்றே தொடங்கிய தென்மேற்குப் பருவமழை வடக்கே போகாமல் ஏறத்தாழ மூன்று வாரம் நின்றுவிட்டது. அந்தத் தேக்கத்தைக் கணிப்பு முன்பே பிடித்திருந்தது. இது எந்த ஒரு இயந்திரத்தின் தனித் திறமையும் அன்று. நியூரல்ஜிசிஎம், ஐரோப்பிய மையத்தின் செயற்கை நுண்ணறிவு மாதிரி, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 125 ஆண்டு மழைப் பதிவு ஆகிய மூன்றையும் கலந்துதான் அது உருவானது. செய்திகள் முதல் இரண்டைக் கொண்டாடின. மூன்றாவதை, அதாவது தலைமுறை தலைமுறையாகக் காலையில் மழைமானியைத் திறந்து அளந்து எழுதிய பெயர் தெரியாத ஊழியர்களை, ஒரு வரியில் கடந்து போயின. என் கணக்கில் மூன்றும் சமபங்காளிகள்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, சற்றுக் கூரியது. மீள்பகுப்பாய்வே வேண்டாம், அளவீடுகளிலிருந்து நேராகக் கணிப்புக்குப் போகலாம் என்ற முயற்சிகள் தொடங்கிவிட்டன. கேம்பிரிட்ஜில் உருவான ஆர்ட்வார்க் என்ற மாதிரி 2025 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வழக்கமான முறைகள் உட்கொள்ளும் அளவீடுகளில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே, பல அளவுகளில் அது அமெரிக்க அரசின் உலக மாதிரியை முந்தியது. அப்படியானால் இயற்பியலும் வேண்டாம், இத்தனை அளவீடும் வேண்டாம் என்றாகாதா? ஆகாது. ஆர்ட்வார்க் கணிக்கும்போது குறைந்த அளவீடு போதும். அது கற்றபோது சரிபார்க்கக் கொடுத்த விடைத்தாள் ஈஆர்ஏ5தான். முழு அளவீட்டையும் முழு இயற்பியலையும் செலவிட்டுத் தயாரித்த விடைத்தாளை வைத்துப் பயின்றுவிட்டு, எனக்குக் கொஞ்சம் போதும் என்று சொல்வது செலவை மறைக்கும் கணக்கு. நாளை மீள்பகுப்பாய்வின் துணையே இல்லாமல் கற்கும் மாதிரிகள் தேறினால் நான் மகிழ்வேன். அப்போது இயற்பியலின் பங்கு சுருங்கலாம். நோக்கீட்டின் பங்கோ இன்னும் பெருகும், ஏனென்றால் இடைவெளிகளை நிரப்ப இடையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

செலவைப் பற்றிய வாதத்தில் எனக்கு உடன்பாடு அதிகம், ஆனால் முடிவில் வேறுபடுகிறேன். ஐரோப்பிய மையத்தின் புதிய மாதிரி ஒரு கணிப்புக்குப் பழைய மாதிரியைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரமே எடுக்கிறது. அந்த மையம் 2025 அக்டோபர் 1 முதல் தன் நிகழ்நேரக் கணிப்புத் தரவு முழுவதையும் திறந்துவிட்டது. மாபெரும் கணினி இல்லாத ஏழை நாடும் நல்ல கணிப்பை ஓட்டலாம். இந்தியா 2024 செப்டம்பரில் சுமார் 850 கோடி ரூபாய்ச் செலவில் புனேயில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்ற அதிவேகக் கணினிகளை நிறுவியது. 2025 மே மாதத்தில் 6 கிலோமீட்டர் நுட்பமுள்ள பாரத் கணிப்பு முறையையும் தொடங்கியது. இவை காலம் கடந்த செலவு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 28 கிலோமீட்டர் கட்டத்தில் தெரியாத கரையோர மழை 6 கிலோமீட்டரில் தெரியத் தொடங்கும், நாளைய இயந்திரங்களுக்கு நுண்ணிய பாடநூல் எழுதுவதற்கும் அந்தக் கணினிகளே வேண்டும். ஆனால் கணிப்பு மலிவானதால் மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்றால் கருவிகளுக்குப் போக வேண்டும். நடப்பது பல இடங்களில் எதிர்மாறு. அமெரிக்க வானிலைப் பணியகம் ஆள்குறைப்பால் 2025இல் அலாஸ்காவின் காட்ஸபு முதலான இடங்களில் பலூன் பறக்கவிடுவதை நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவின் தாயகத்திலேயே அதன் உணவு குறைக்கப்பட்டது. ஒரு வகை அளவீடு குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரியாத விஷயமும் அன்று. விமானங்கள் பறந்துகொண்டே அளக்கும் காற்றையும் வெப்பத்தையும் முற்றிலும் நீக்கிப் பார்த்த ஐரோப்பிய மையத்தின் சோதனையில், விமானங்கள் பறக்கும் உயரத்தில் குறுங்காலக் கணிப்பின் தரம் 15 சதவீதம் வரை சரிந்தது. கொரோனாக் காலத்தில் விமானங்கள் தரையிறங்கியபோது உலகம் அந்தச் சோதனையின் ஒரு பகுதியை வேண்டாமலே செய்து பார்த்தது.

நம் பக்கத்துக்கு வேண்டியவை வியப்பானவை அல்ல. மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் பறக்கும் பலூன்கள் நாளுக்கு இரண்டு வேளை தவறாமல் பறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் கூடுதலாகப் பறக்கலாம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் நிறுத்திவைத்திருக்கும் மிதவைகள் காற்றையும் அழுத்தத்தையும் கடலின் உள்வெப்பத்தையும் அளக்கின்றன. மிதவையைச் சுற்றி மீன் கூடுவதால் படகுகளும் கூடுகின்றன, கருவிகள் சேதமாகின்றன. மீனவருக்கும் புயல் கணிப்பு வேண்டும், மீனும் வேண்டும் என்ற இந்த முரணைத் தீர்க்கச் சட்டம் மட்டும் உதவாது. அளந்த தரவு மீனவ ஊர்களுக்கே நேராகத் திரும்பி வரும்படி செய்தால் காவலும் எளிதாகலாம்.

கடைசியாக, ஏற்கெனவே அளந்து காகிதத்தில் கிடப்பவை. சென்னையின் மழைக்கு 1813 முதல் பதிவு இருக்கிறது; இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் பிறந்தது; 1901 முதலான நாள்வாரி மழையை 6,955 மழைமானி நிலையங்களிலிருந்து தொகுத்து, கால் பாகைக் கட்டங்களாக அத்துறை வெளியிட்டிருக்கிறது. நாள்வாரிக் கணக்கு பருவமழையின் வரவைக் கணிக்க உதவும். காயல்பட்டினம் போன்ற மழைக்கு மணிவாரிக் கணக்கு வேண்டும், ஏனென்றால் 95 சென்டிமீட்டர் நாள் முழுதும் சீராகப் பெய்ததா, சில மணி நேரத்தில் கொட்டியதா என்பதில்தான் ஏரி உடைவதும் உடையாததும் இருக்கிறது. பழைய தாள்களை எண்ணாக்குவது ஆள்பலமும் காலமும் தின்னும் வேலை, முடியாது என்பார்கள். 2020 மார்ச்சில் பிரிட்டன் ஊரடங்கில் கிடந்தபோது, ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் பழைய மழைப் பதிவுத் தாள்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார். சுமார் 16,000 தன்னார்வலர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து அளவீடுகளைச் சில வாரங்களுக்குள் எண்ணாக்கிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கல்லூரிகளுக்கும் மாணவர்களுக்கும் குறைவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பழவேற்காடு முதல் கன்னியாகுமரி வரையான கரையோர நிலையங்களின் மணிவாரி மழை என்று எல்லை வகுத்துக்கொண்டு தொடங்கலாம். எண்ணாக்கியதை யாரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். ஈஆர்ஏ5 அப்படி வைக்கப்பட்டிருந்ததால்தான் ஐரோப்பாவின் பொதுப்பணத்தில் உருவான தரவைக் கொண்டு அமெரிக்காவிலும் சீனாவிலும் இந்த இயந்திரங்கள் பிறந்தன. நம் தரவை எடுத்து யாரோ ஒரு நிறுவனம் லாபம் பார்க்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனாலும் பூட்டிவைத்த மழைப் பதிவைக் கொண்டு எந்த இயந்திரமும், நம்முடையது உட்பட, நம் கடற்கரையின் மழையைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை.